மழைக்காலத்தில் ஃபைபர் படகு: தார்ப்பாய் போட்டு மூடினால் போதுமா?

செப்டம்பர் 6 (வாசகர் கேள்வி)

"வீராம்பட்டினத்தில் அப்பாவுடைய 18 அடி ஃபைபர் படகு இருக்கிறது. முழங்கால் வலியால் அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை படகு வீட்டுப் பக்கத்தில் வெட்டவெளியில்தான் கிடக்கும். டொரண்டோவில் இருக்கும் மாமா பையன் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே குளிர்காலத்தில் படகை வெள்ளை பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி, என்ஜினுக்குள் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். அதே மாதிரி நல்ல தார்ப்பாய் வாங்கி இறுக்கிக் கட்டினால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானே அண்ணே?"

செப்டம்பர் 6, இரவு

போதாது தம்பி. இறுக்கி மூடுவது இன்னும் மோசம்.

அங்கே அவர்களுக்குப் பயம் உறைபனி. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். என்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலே போதும், உறைந்து விரிந்து உலோகத்தைப் பிளந்துவிடும். அதற்குத்தான் ஆன்டிஃப்ரீஸ். கடலூரிலும் புதுவையிலும் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் செலவே நமக்கு வேண்டாம்.

நம் கரையில் படகைக் கெடுப்பது மழைத்தண்ணீரும் காற்றும். தண்ணீர் உள்ளே தங்காமல் ஓட வேண்டும், காற்று படகைத் தூக்காமல் கட்ட வேண்டும். மூடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் தேவனாம்பட்டினம் பக்கம் ஃபைபர் வேலை செய்கிறவன், வீட்டிலும் ஒரு படகு உண்டு. தை மாதம் என்னிடம் வேலைக்கு வரும் படகுகளில் பெரும்பாலானவை கடலில் அடிபட்டவை இல்லை, கரையில் கிடந்தே கெட்டவை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். விவரமாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

முதலில் தண்ணீரின் எடை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் 18 அடிப் படகின் திறந்த வாய் ஏறக்குறைய 6 சதுர மீட்டர் இருக்கும். அதில் 1 செ.மீ. மழை விழுந்தால் 60 லிட்டர். 10 செ.மீ. பெய்தால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 10 செ.மீ. பெய்வது நம் ஊரில் அதிசயமே இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுவைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றதே, அப்போது புதுவையில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தண்ணீர் வடிய வழியில்லாமல் உங்கள் படகு அன்றைக்குக் கிடந்திருந்தால், விளிம்பு வரை நிரம்பி இரண்டரை டன்னுக்குக் குறையாமல் சுமந்திருக்கும். என்னுடையது போன்ற 28 அடிப் படகென்றால் நாலு டன்னைத் தாண்டும்.

கடலில் மிதக்கும்போது படகின் அடிவயிறு முழுவதையும் தண்ணீர் தாங்கும். கரையில் இரண்டு கட்டைதான் தாங்கும். அந்த இரண்டு கட்டைமேல் இத்தனை டன் உட்கார்ந்தால் ஃபைபர் என்ன செய்யும்? கட்டை படும் இடத்தில் நசுங்கும், நடுவில் தொய்யும். வெளியே தெரியாமல் உள்ளே மேட் (ஃபைபருக்குள் அடுக்கடுக்காக வைக்கும் கண்ணாடி நார்ப் பாய்) பிரிந்துவிடும்.

செப்டம்பர் 9

"அப்படியென்றால் தண்ணீர் எப்படி ஓடும்?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

படகின் பின்பக்கம், அமரத்தில், அடியோடு ஒட்டி ஒரு ஓட்டை இருக்கும். அதன் தக்கையைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஒரு முழம் உயர்த்திக் கட்டை வையுங்கள். விழுகிற தண்ணீர் பின்னால் ஓடி வெளியே போய்விடும். சிலர் மட்டமாக வைத்துவிட்டு ஓட்டை திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். மட்டமான படகில் தண்ணீர் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தங்கும்.

ஓட்டை ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். சவுக்கு முள் நாலு சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், மேலே இன்னும் நாலு விழுந்தால் மூடியே விட்டது. உட்பக்கம் பழைய வலைத் துண்டைப் பந்தாகச் சுருட்டி, ஓட்டையை அடைக்காமல் அதன்முன் வைத்துவிடுங்கள். குப்பை வலையில் நிற்கும், தண்ணீர் போகும். கழற்றிய தக்கையை ஒரு கயிற்றில் கோத்து, என்ஜின் மாட்டும் இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டுக்குள் வைத்தால் தை மாதம் தேட வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 10

பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் "கவிழ்த்துப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்கிறார்.

12 அடி, 14 அடிப் படகுக்கு நல்ல யோசனை. நாலு பேர் சேர்ந்தால் கவிழ்த்துவிடலாம். ஆனால் விளிம்பு மண்ணில் பதியக் கூடாது, இரண்டு பக்கமும் பனங்கட்டை கொடுக்க வேண்டும். கட்டை கொடுத்தால் அடியில் சந்து விழும், அந்தச் சந்தில் காற்று புகுந்தால் தூக்கிப்போடும். ஆகவே கவிழ்த்த படகைத்தான் இன்னும் பலமாகக் கட்ட வேண்டும். 18 அடியோ அதற்கு மேலோ என்றால் கவிழ்க்க வேண்டாம். புரட்டும்போது விளிம்பில் விழும் விரிசலைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு தார்ப்பாய் வாங்கிவிடலாம்.

செப்டம்பர் 14

இன்றைக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. முட்டுக் கொடுப்பதைப் பற்றியும், மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய ஃபைபர் வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

படகின் எடை ஏராவில்தான், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில்தான், உட்கார வேண்டும். பக்கத்தில் கொடுக்கும் முட்டு, படகு சாயாமல் பிடிக்க மட்டும். பலர் பக்கத்து முட்டுகளில் எடையை ஏற்றிவிடுகிறார்கள். பக்கச் சுவர் மெல்லியது, தாங்காது. ஏராவுக்கு அடியில் மூன்று இடத்தில் கட்டை கொடுங்கள்: முன்னால், நடுவில், பின்னால். நடுக்கட்டையை விட்டுவிட்டால் அங்கேதான் தொய்யும். கட்டைமேல் பழைய டயர்த் துண்டு போட்டால் ஃபைபர் உரசாது.

ஈர மணலில் அடிப்பாகம் அப்படியே அழுந்திக் கிடக்கவும் விடாதீர்கள். அடியில் ஒரு சாண் காற்றோட்டம் வேண்டும். மாதக்கணக்கில் ஈரம் ஒட்டிக் கிடந்தால் ஜெல்கோட்டுக்கு (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு) உள்ளே நீர் இறங்கிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். குத்தினால் புளிச்ச நாற்றத்தோடு தண்ணீர் வரும். உட்பக்கம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பல படகுகளில் ஜெல்கோட்டே கிடையாது. வெறும் பெயிண்ட்தான். அது உரிந்த இடத்தில் நார் தெரியும், தண்ணீர் நார் வழியாகவே ஊறிப் போகும்.

இப்போது ஒரு சோதனை. ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு படகின் அடியை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். திடீரென்று ஒரு இடத்தில் 'தொப் தொப்' என்று சத்தம் அமுங்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த இடத்தில் மேட் பிரிந்திருக்கிறது, அல்லது தண்ணீர் குடித்திருக்கிறது. என்ஜின் மாட்டும் பின்பலகையைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். அதற்குள்ளே மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிப் போயிருக்கும்.

வட்டம் போட்ட இடங்களைப் புரட்டாசி வெயிலிலேயே முடித்துவிடுங்கள். ஈரக் காற்றில் ரெசின் (நாரை ஒட்டவைக்கும் பிசின்) சரியாக இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். சொந்தமாகச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்கக்கூட வேண்டாம். ஒரு சொட்டு தெறித்தால் கண் போய்விடும்.

செப்டம்பர் 15

தாழங்குடா அக்கா ஒருவர் ஆடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முட்டு வைத்து உயர்த்திய படகு அவர் வீட்டு ஆடுகளுக்கு மெத்தை மாதிரி ஆகிவிட்டதாம். குட்டிகள் தார்ப்பாய்மேல் குதித்து விளையாடிக் கிழித்தே விட்டன என்கிறார். படித்துவிட்டு நானும் வீட்டம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் தெருவிலும் இதே கதைதான். அணியத்துப் பக்கம் ஆடு ஏறுகிற மாதிரி மணல் மேடோ பெட்டியோ இருந்தால் நகர்த்திவிடுங்கள் அக்கா. வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செப்டம்பர் 21

எங்கே வைப்பது என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நியாயம். இதோ.

மரத்தடி வேண்டாம். கோடையில் வேப்ப மரத்தடி படகுக்குச் சுகம், வெயிலில் பெயிண்ட் வெளுக்காது. மழைக்காலத்தில் அதே மரம் எமன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவில் கரையைக் கடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகளே வேரோடு சாய்ந்தன. தென்னை விழாவிட்டாலும் மட்டையும் காயும் விழும். சவுக்கு வரிசையாகச் சாயும்.

கடலை மட்டும் பார்த்து இடம் முடிவு செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபெஞ்சலில் எங்கள் பக்கம் பெரிய அடி முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. புயல் கரையேறி உள்ளே போய் மலையடிவாரத்தில் கொட்டித் தீர்க்க, 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். காற்று அடங்கி, வானம் வெளுத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் புகுந்தது. முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கும் படகுக்கு அலை ஒரு பக்கம் என்றால் ஆறு இன்னொரு பக்கம். தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, உங்கள் பக்கம் அரியாங்குப்பத்து ஆறு, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீராம்பட்டினத்தில் உங்கள் வீடு ஆற்றுப் பக்கமா கடல் பக்கமா என்று எழுதுங்கள்.

மணல் அரிப்பும் இருக்கிறது. ஐப்பசியில் அலை கரையைத் தின்னும். புரட்டாசியில் நாற்பது அடி தள்ளிக் கிடந்த படகுக்குக் கீழே கார்த்திகையில் மணல் இருக்காது. டிராக்டர் வாடகையைப் பார்க்காமல் ஊர்ப் பக்கம் இழுத்துவிடுங்கள்.

செப்டம்பர் 22

கட்டுவது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நாலு மடங்காகும். 70 கிலோமீட்டர் காற்றில் அசையாத படகு 140இல் பறக்கும். உங்கள் படகு வெறும் கூடாகச் சில நூறு கிலோதான்.

மணலில் முளை அடித்தால் மழையில் பிடுங்கிக்கொண்டு வரும். எங்கள் அப்பா செய்கிற முறை இது. இடுப்பளவு குழி வெட்டி, மூன்றடிப் பனங்கட்டையைப் படுக்கைவாக்கில் போட்டு, அதன் நடுவில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டி, கயிற்று நுனியை மேலே எடுத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மிதிக்க வேண்டும். கொஞ்சம் மண், ஒரு மிதி, மறுபடி மண். அப்படிப் புதைத்த கட்டையை நாலு ஆள் இழுத்தாலும் கிளப்ப முடியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

ஏன் நாலு பக்கமும்? வாடைக்காலம்தானே, காற்று வடகிழக்கில் இருந்துதானே வரும் என்று நினைக்கத் தோன்றும். சாதாரண நாளில் சரி. புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று நிலத்துப் பக்கமிருந்து அடிக்கும். தலைக்கு மேலேயே கடந்தால் நடுவில் கப்சிப்பென்று அடங்கி, அப்புறம் நேர் எதிர்த் திசையில் ஆரம்பிக்கும். அந்த அமைதியில் படகைப் பார்க்க ஓடாதீர்கள், அப்பாவையும் விடாதீர்கள்.

துறைமுகத்தில் 1ஆம் எண், 2ஆம் எண் கூண்டு ஏற்றும்போதே கட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். அது புயல் தூரத்தில் இருக்கிறது என்பதற்கான கூண்டு. 7ஆம் எண் ஏற்றினால் துறைமுகத்தின்மேலோ மிக அருகிலோ கடக்கிறது என்று பொருள், 8 முதல் 10 வரை கடும் புயல். அந்த நேரத்தில் கரையில் யாருக்கும் வேலையில்லை.

செப்டம்பர் 24

சூடான விவாதம் ஒன்று. சோனாங்குப்பத்துப் பெரியவர் எழுதுகிறார்: "புயல் வரும்போது படகில் தண்ணீரை நிரப்பிவிடுவோம். கனத்தில் காற்று தூக்காது. நீ தண்ணீரை வடி வடி என்கிறாய்."

ஐயா, நீங்கள் சொல்வது அனுபவத்தில் வந்த முறை, மறுக்கவில்லை. படகு சம மணலில் அடிவயிறு முழுக்கப் பதிந்து கிடந்தால், ஒரு ராத்திரிக்கு அது செல்லும். மறுநாள் காலையில் தக்கையைக் கழற்ற ஆள் இருக்க வேண்டும். கட்டைமேல் ஏற்றிய படகில் நிரப்பினால், காற்று செய்யாத சேதத்தை அந்தத் தண்ணீரே செய்துவிடும். தம்பியின் படகு மாதக்கணக்கில் கட்டைமேல் இருக்கப் போகிறது, பக்கத்தில் முழங்கால் வலிக்காரர் மட்டும். அவருக்கு நான் மணல் மூட்டையைத்தான் சொல்வேன். ஏராவுக்கு மேல், நடுவில், நீளவாக்கில் அடுக்கலாம். தண்ணீர் ஓடும் வழியில் மூட்டையை வைத்து அடைக்கக் கூடாது.

ராத்திரி சேர்க்கிறேன். பெரியவர் கேட்ட இன்னொரு கேள்வி தூங்கவிடவில்லை: "வெள்ளம் வந்தால் இறுக்கிக் கட்டின படகு என்ன ஆகும்?" காற்றுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு நீளமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் குட்டையாகக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகு மேலே வர முடியாமல், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சாயும். ஆற்றுப் பக்கம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யலாம்: நாலு குட்டைக் கயிறுகளோடு, அணியத்திலிருந்து தடித்த நீளக் கயிறு ஒன்றைக் கான்கிரீட் தூணிலோ பெரிய புதைகட்டையிலோ தனியாகக் கட்டிவிடுங்கள். குட்டைக் கயிறு அறுந்தாலும் படகு ஊரைவிட்டுப் போகாது. தக்கை திறந்திருப்பதும் இங்கே உதவும். தண்ணீர் உள்ளே புகுந்து, படகு உயர மிதக்காமல் அங்கேயே அமுங்கிக் கிடக்கும். பெரியவருக்கு நன்றி, இதைக் கேட்காமல் இருந்திருந்தால் பாதிதான் எழுதியிருப்பேன்.

அக்டோபர் 2

இனி தார்ப்பாய்க்கு வரலாம்.

தம்பி ஆற்றுப் பக்கம் இல்லையாம், கடலிலிருந்து மூன்றாவது தெருவாம். நல்லது.

நீளவாக்கில் நடுவில் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன்மேல் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவாகத் தார்ப்பாயை இறக்குங்கள். தட்டையாக இழுத்துக் கட்டினால் நடுவில் குழி விழும், தண்ணீர் தேங்கும், அதன் எடையில் கயிறு கோக்கும் கண்ணி கிழியும். இரண்டு முனையிலும் திறந்தே விடுங்கள். மழைக்காலம் முடிந்து மார்கழி வந்ததும் பனி கொட்டும். இறுக்கி மூடிய தார்ப்பாயின் உட்புறம் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக வேர்த்து நிற்கும். மழையே பெய்யாமல் படகு நனையும். பூஞ்சை பிடிக்கும், கயிறு கறுக்கும், போல்ட் துருவேறும்.

மலிவான நீலத் தார்ப்பாய் ஒரு பருவம் தாங்காது, வெயிலில் பொடிந்து நார் நாராகப் பறக்கும். கனமான சில்பாலின் (பல அடுக்குப் பிளாஸ்டிக் தார்ப்பாய்) தாங்கும். கயிற்றைக் கண்ணியில் மட்டும் நம்பிக் கட்டாமல், தார்ப்பாய்க்கு மேல் பழைய வலையை முழுசாகப் போர்த்தி, வலையின் ஓரங்களை மணல் மூட்டையில் கட்டுங்கள். காற்று ஒரே இடத்தில் பிடித்து இழுக்காமல் வலை முழுக்கப் பரவிவிடும். புயலுக்கு முன்னால் கூரை வீட்டின்மேல் வலை போடுகிறோமே, அதேதான். காற்று மிக அதிகமாகும் என்று தெரிந்தால் தார்ப்பாயைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் போட்டுவிடுங்கள். அது பாய்மரம் போல் காற்றைப் பிடித்துப் படகையே இழுக்கும். நனைந்தால் நனையட்டும், தக்கைதான் திறந்திருக்கிறதே.

கீற்று வேய்ந்த கொட்டகை போட இடமும் காசும் இருந்தால் அதற்கு ஈடில்லை. கீற்று காற்றை உள்ளே விடும், ஈரம் நிற்காது.

அக்டோபர் 5

என்ஜின். வெளியில் விடவே கூடாது. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.

அதற்கு முன் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அவுட்போர்டின் கீழ்ப்பகுதியை அதில் இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே தங்கிய உப்பு கரைந்து வரும். அப்புறம் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை விடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூன்று நாலு மாதம் மழைக்காலத்தில் டேங்கில் விட்டுவைத்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், முதலில் என்ஜினுக்குப் போவது அதுதான். மிச்சத்தை பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள், இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலக்காததாக இருந்தால்.

கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். நேராக நிறுத்தியே வையுங்கள், உள்ளிருக்கும் தண்ணீர் வடிந்துவிடும். நாலு ஸ்ட்ரோக் என்ஜினைப் படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பக்கம் என்று அதன் மேலேயே படம் போட்டிருக்கும், அதை மீறாதீர்கள். பேட்டரியும் வீட்டுக்குள்தான், மாதம் ஒரு முறை சார்ஜ்.

நான் என்ஜின் மெக்கானிக் இல்லை. இது கையோடு பழகியதில் தெரிந்தவரை. இதற்கு மேல் நுணுக்கம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அக்டோபர் 12

மரப் படகுக்கும் இதுவே பொருந்துமா என்று கேட்டவருக்கு: பாதிக்குப் பாதி தலைகீழ். கட்டுமரம் காய வேண்டும். ஒவ்வொரு முறை கரையேறியதும் கட்டைப் பிரித்து மரங்களைக் காயப்போடுவார்கள், ஊறினால் கனத்து மிதப்பு குறையும். எங்கள் அப்பா இளவயதில் அதில்தான் போனார். பலகை வைத்துக் கட்டிய படகுக்கு ரொம்பவும் காய்ச்சல் ஆகாது. பலகை சுருங்கி மூட்டு திறந்துகொள்ளும், மறுபடி பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டியிருக்கும். விசைப்படகுக்காரர்கள் இந்த வேலையெல்லாம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலேயே வெயிலில் முடித்துவிடுகிறார்கள்.

2004 சுனாமிக்கு அப்புறம்தான் எங்கள் கரையில் ஃபைபர் இவ்வளவு பெருகியது. மரங்களெல்லாம் போய்விட்டன, நிவாரணமாக வந்தது ஃபைபர். மரத்தைப் பராமரிக்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஃபைபரைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. "ஃபைபருக்கு என்ன, மக்காது, துருப்பிடிக்காது" என்ற பேச்சு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. அப்பா இன்றைக்கும் படகைத் தட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கு உசுரு இல்லடா" என்பார். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பார்த்துக்கொண்டால் இருபது வருடம் உழைக்கும் பொருள் அது. அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. கரையில் போட்டதோடு மறந்துவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் 19

சின்னச் சின்னது.

கொசு. படகில் தேங்கும் நல்ல தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். தண்ணீர் ஓடவிடுவது உங்கள் தெருப் பிள்ளைகளுக்காகவும்தான்.

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள். எலி வலையைக் கடிக்கும், ஆகையால் வலையைப் படகில் விடாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு கையை உள்ளே விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள், பாம்பு ஏறியிருக்கும்.

நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பதிவு எண் தெரிகிற மாதிரி போனில் வைத்துக்கொள்ளுங்கள். தானே சமயத்தில் எங்கள் உறவினர் ஒருவர் நிவாரணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். படகு இருந்ததற்கே ஆதாரம் கேட்டார்கள்.

நவம்பர் 23

தம்பி எழுதியிருக்கிறார். தொடர் மழையில் அப்பா குடையோடு போய்ப் பார்த்தாராம், அமரத்து ஓட்டையில் தண்ணீர் குழாய் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்ததாம். போனில் வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா படகில் ஏற வேண்டாம், ஓட்டையைக் கீழிருந்தே பார்க்கலாம். தண்ணீர் வராமல் நின்றிருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் முட்டுக்கட்டைக்கு அடியில் மண் அரித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை இறங்கினாலும் பக்கத்து முட்டில் எடை ஏறிவிடும்.

ஜனவரி 18

பொங்கல் முடிந்தது. கடலில் இறக்கலாமா என்று கேட்கிறார். இறக்கலாம்.

உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் தார்ப்பாய் இல்லாமல் காயவிடுங்கள். மறுபடி அதே காசால் தட்டுங்கள், சாக்பீஸ் வட்டம் பெருத்திருந்தால் இறக்குவதற்கு முன் காட்டிவிடுங்கள். பின்பலகையில் போல்ட்டுகளைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் என்ஜினை மாட்டவே வேண்டாம், கடலில் கழன்று விழும். புது பெட்ரோல், புது பிளக். என்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். பீய்ச்சவில்லை என்றால் உடனே அணைக்கவும், உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து ஒட்டியிருக்கும்.

அப்பா கூட வர ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அலை அடங்கிய காலையாகப் பார்த்து, அலையில் இறக்கும்போது அவரைக் கரையில் நிற்கவைத்துவிட்டு, தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றுக்குள் கொண்டுபோய் அங்கே ஏற்றிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கஷ்டமில்லாமல் இருக்கும்.